பழைய வண்டின்னா பிரேக் அப்படித்தானா?

"பழைய வண்டிங்க, பிரேக் டைட்டாத்தான் இருக்கும். பழகிக்கோங்க." ஆத்தூரில் அம்பாசடர் வைத்திருப்பவர், பெடல் கல் மாதிரி இருக்கு என்று ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றால் கிடைக்கும் பதில் இது. விடாமல் கேட்டால் அடுத்த பதில், "மாஸ்டரை மாத்திடலாம்". முதல் பதில் உயிருக்கு உலை வைக்கும், இரண்டாவது பர்சுக்கு. வைத்தியம் மட்டும் இரண்டிலும் இல்லை மக்களே.

அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு. 2014 வரை உத்தரபாராவில் தயாரானது. ஆரம்பகால வண்டிகளில் பூஸ்டரே கிடையாது, கால் பலம்தான் எல்லாம். பிற்பாடு வந்தவற்றில் வேக்வம் பூஸ்டர் உண்டு. ஆக, முதலில் பானெட்டைத் திறந்து பூஸ்டர் இருக்கா இல்லையா என்று பார்க்கணும். (அதைக்கூடப் பார்க்காமல் தீர்ப்பு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்!) பூஸ்டர் இல்லாத வண்டியாகவே இருந்தாலும், போன மாதத்தைவிட இந்த மாதம் பலமாக மிதிக்க வேண்டியிருந்தால் அது வயசு இல்லை, பழுது.

பூஸ்டர் உள்ள வண்டிக்கு ஸ்பேனரே வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு நாலைந்து தடவை மிதித்தால் உள்ளே மிச்சமிருக்கும் வேக்வம் தீர்ந்து பெடல் இறுகிவிடும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யணும். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவில்லையா? அப்போதும் பூஸ்டரைக் கழற்ற அவசரம் வேண்டாம். அதற்கு வரும் ஹோஸ் வெடிப்பு விட்டிருக்கலாம், கிளிப் தளர்ந்திருக்கலாம், ஒருவழி வால்வு போயிருக்கலாம். டீசல் எஞ்சின் தானாகப் போதிய வேக்வம் தராது. அதற்கென்று தனி பம்ப் இருக்கும், பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே.

பூஸ்டர் சரி, ஆனாலும் டைட் என்றால் ஜாக்கி போட்டு சக்கரத்தைக் கையால் சுற்றணும். பெடலை மிதித்து விட்டபிறகும் சக்கரம் இறுகியே நின்றால் பிளீடரைத் திறக்கணும். உடனே சக்கரம் விட்டுக்கொடுத்தால் ஆயில் திரும்ப வழியில்லாமல் மாட்டியிருக்கிறது. உள்ளே ஊதிப்போன ரப்பர் ஹோஸ் வழக்கமான குற்றவாளி. விட்டுக்கொடுக்கவில்லையா, வீல் சிலிண்டர் துரு அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள். தரை வழியாகப் பெடல் வரும் பழைய வண்டிகளில், கிரீஸ் காணாத பெடல் ஷாஃப்ட்டே போதும், ஊரை ஏமாற்ற.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. பெட்ரோல் மிச்சம் என்று ஏற்காட்டிலிருந்து எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது. பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்வம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். இருக்கிற கொண்டை ஊசி வளைவுகளோ 20! கொல்லிமலையில் 70. பெடல் இறுகி நிற்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டம்மாவுக்கு "பழைய வண்டி அப்படித்தான்" என்றா சமாதானம் சொல்வது?

பழி முழுக்க மெக்கானிக் மேல் இல்லை. அரை மணி நேரம் தேடி, ஹோஸில் வெடிப்பு இருக்கு என்று கண்டுபிடித்துச் சொன்னால், "பார்த்துச் சொன்னதுக்கெல்லாமா காசு?" என்று ஓனர் பேரம் பேசுகிறார். மாஸ்டர் மாற்றினால் மட்டும் மறுபேச்சு இல்லாமல் எண்ணி வைக்கிறார். பிறகு எவன் தேடுவான்?

காசுதான் கொடுக்கிறீர்களே, கழற்றிய மாஸ்டரைக் கையில் வாங்கி "எங்கே தேய்ஞ்சிருக்கு, காட்டுங்க" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்போது முகத்தைப் பாருங்கள் :-)