தாழ்ந்த காரும் காப்புத் தகடும்

பழைய மோட்டார்க் கார் ஒன்றை விலைக்கு வாங்கி, அதன் சுருள்விற்களைக் குறுக்கித் தரையோடு ஒட்டினாற்போலத் தாழ்த்தி ஓட்டுதல் இளைஞர் பலர்க்கு உவப்பான செயலாயிற்று. அதனை அழகெனக் கொள்வாரும் உளர். வளைவுகளில் வண்டி சாயாது நிற்கும் எனப் பயன் காட்டுவாரும் உளர். அவ்விருப்பத்தை இழித்துரைத்தல் என் கருத்தன்று. காரைத் தாழ்த்தியவர் தாழ்த்திய அன்றே அதன் எண்ணெய்த் தொட்டிக்கு ஒரு காப்புத் தகடு அமைத்தல் கடமை என்பதும், அக்கடமை தம் பணப்பையின் பொருட்டு மட்டும் அன்று என்பதுமே ஈண்டு யான் வற்புறுத்த விழைவன. நன்னூல் பயில்வார்க்கு எண்ணெய்த் தொட்டியோடு என்ன உறவு என நகைக்கும் நண்பர்க்கு ஒரு சொல்: இலக்கணம் பயில்வாரும் சாலையிலேதான் நடக்கின்றனர்.

எஞ்சினின் அடிவயிற்றில் தொங்குவது எண்ணெய்த் தொட்டி. பட்டறைத் தொழிலாளர் இதனை ஆயில் சம்ப் என்றும் சேம்பர் என்றும் வழங்குவர். சிறு கார்களில் மூன்று அல்லது நான்கு லிட்டர் எண்ணெய் இதன்கண் தங்கும். தொட்டியின் அடித்தளத்திற்குச் சற்று மேலே சல்லடை பொருந்திய குழாய் ஒன்று நிற்கும். பம்பு அதன் வழியே எண்ணெயை உறிஞ்சிக் கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்கும் மேலுள்ள உறுப்புகளுக்கும் ஊட்டும். ஆதலின் தொட்டி உடைந்தால் மட்டுமே கேடு என்று கருதற்க. எஃகுத் தகட்டாலாய தொட்டி உடையாது உள்நோக்கி ஒடுங்கினும், அவ்வொடுக்கம் சல்லடையின் வாயை அடைத்துவிடக் கூடும். அப்பொழுது ஒரு துளியும் வெளியே சிந்தாதிருக்க, எஞ்சின் எண்ணெயின்றி வாடும். அழுத்தம் குறைந்ததை அறிவிக்கும் செவ்விளக்கு எரிந்த பின்னும் ‘அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்ப்போம்’ என்பார் எஞ்சினையே இழப்பர்.

எஃகுத் தொட்டி ஒடுங்கும். அலுமினிய வார்ப்போ பிளக்கும். 1997 ஆம் ஆண்டு ஜெர்மனியில் வெளிவந்த நான்காம் தலைமுறை வோல்க்ஸ்வாகன் கோல்ஃப் காரின் எஞ்சின்கள் பலவற்றிற்கு அலுமினிய வார்ப்புத் தொட்டியே அமைந்தது. அக்காரைத் தாழ்த்தி ஓட்டுவாரிடைத் தொட்டி பிளத்தல் பெருவழக்கு. மேற்பகுதி அலுமினியமும் அடிப்பகுதி எஃகுமாய் அமைந்த மாற்றுத் தொட்டிகளும், அடியிற் பூட்டும் காப்புத் தகடுகளும் அக்காருக்கென விற்கப்படுவது இதனாலேயே.

காப்புத் தகடு நேற்றுத் தோன்றிய புதுமையன்று. 1959 இல் இங்கிலாந்தில் வெளிவந்த மினி என்னும் சிறு காரில், அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியாளர் எஞ்சினைக் குறுக்காக வைத்து, பற்சக்கரப் பெட்டியை அதன் கீழேயே அமைத்து, இரண்டிற்கும் ஒரே எண்ணெயைப் பொதுவாக்கினார். சக்கரமோ பத்து அங்குலம். அடியில் ஒரு கல் தாக்கினால் எஞ்சினும் பற்சக்கரங்களும் ஒருங்கே கெடும். அவ்வண்டி 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ பந்தயத்தில் வென்றது. அத்தகைய பந்தயங்களுக்கு அனுப்பிய மினிகளின் அடியில் வலிய காப்புத் தகடு பூட்டப்பட்டிருந்தது. வெற்றியை வியப்பவர் தகட்டைக் காண்பதில்லை. மறைவான இடத்தில் இருப்பது அதன் குற்றமன்று.

தாழ்ந்த கார் என்றால் வேண்டித் தாழ்த்தியது மட்டுமே என்று எண்ணவேண்டா. நம் நாட்டில் 1983 இல் வெளிவந்த மாருதி 800 காரின் உற்பத்தி 2014 இல் நின்றது. இன்று ஓடும் ஒவ்வொரு மாருதி 800-உம் பத்தாண்டு கடந்த முதுமை உடையது. சுருள்வில் நாளடைவிற் சோர்ந்து குறுகும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் நைந்து எஞ்சினே சிறிது கீழிறங்கும். திருமணத்திற்குச் செல்லும் குடும்பம் முழுவதும் ஏறி அமர்ந்தால் இன்னும் இறங்கும். ஆகவே எவரும் கைவையாத பழைய காரும் ஒருவகையில் தாழ்ந்த காரே.

இக்கார்களுக்கு நம் சாலைகளில் முதற்பகை வேகத்தடை. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1988 இல் வகுத்த நெறிப்படி, வட்ட வடிவான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையதாய், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில்போல வளைந்திருத்தல் வேண்டும். மாருதி 800-இன் முன்னச்சிற்கும் பின்னச்சிற்கும் இடைத்தூரம் 2.175 மீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால், அத்தகைய மேட்டின் உச்சியில் வண்டி நிற்கும்போது அச்சுகளின் நடுவே மேடு எழுவது மூன்றரைச் சென்டிமீட்டர் மட்டுமே. நெறிப்படி அமைத்த மேடு யாருக்கும் பகையன்று. ஒரு முழ அகலத்தில் மனம்போன போக்கில் எழுப்பிய மேடோ தன் முழு உயரத்தையும் வண்டியின் அடிக்கு நேரே நீட்டுகின்றது. முன்சக்கரம் அதனைத் தாண்டி விழும்போது சுருள்வில் அமுங்கும். வண்டியின் மூக்கு தாழும். தொட்டி மேட்டில் இடிக்கும். குற்றம் மேட்டினுடையதே எனினும், அதனைத் திருத்தும் நாள்வரை தொட்டி காத்திராது.

இதுகாறும் கூறியது உடையவரின் நட்டம். அதனை அவர் தாங்கிக்கொள்க. தொட்டி பிளந்த கார் நிற்பதற்கு முன் நூறு கஜமேனும் ஓடும். அந்நூறு கஜமும் தார்ச்சாலையின்மேல் ஓர் எண்ணெய்க் கோடு. பின்னே வருவோர் பெரும்பாலும் இருசக்கர வண்டியில் வருவோர். காரின் ஒரு சக்கரம் வழுக்கினும் ஏனை மூன்றும் நிலத்தைப் பற்றும். இருசக்கர வண்டியின் முன்சக்கரம் வளைவில் வழுக்கினால் பற்றுவதற்கு வேறொன்று இல்லை. மழை தூறத் தொடங்கிய மலைவழியில், அல்லது விடியற்காலை இருளில், பால் கொண்டு செல்லும் ஒருவர் அக்கோட்டின்மேல் விழுகின்றார். யார் கார் எத்துணைத் தாழ்ந்தது என்பதை அவர் அறியார். ‘என் வண்டி, என் விருப்பம்’ என்னும் வாதம் இவ்விடத்தில் நின்றுபோகின்றது. தொட்டி உடைந்தால் வண்டியை உடனே நிறுத்தி, சிந்திய இடத்தில் மணலோ மரத்தூளோ தூவிவிட்டு, அதன்பின் பட்டறைக்கு ஆளனுப்புதல் வேண்டும். இதனைச் செய்வாரை யான் அரிதாகவே கண்டிருக்கின்றேன்.

இனித் தகட்டின் அமைப்பு. 60 சென்டிமீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் அகலமும் உடைய தகடு, 3 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகாயின் ஏறக்குறைய 7 கிலோ எடை நிற்கும். 5 மில்லிமீட்டர் அலுமினியமாயின் 4 கிலோ. அலுமினியம் இலேசு, துருவேறாது. விலை மிகுதி, பற்றவைக்க வல்லாரும் அரியர். எஃகு நெளிந்தால் தெருவோரப் பட்டறையிலேயே சம்மட்டியால் நிமிர்த்திக்கொள்ளலாம். பழைய காருக்கு எஃகே ஏற்றது என்பேன்.

எங்கே பூட்டுவது என்பதே தலையாய வினா. தொட்டியின் திருகுகளிலேயே தகட்டைப் பூட்டுவார் சிலர். அங்ஙனம் செய்தால் அடி நேரே தொட்டிக்கும் எஞ்சினுக்கும் செல்லும். தகடு இருந்தும் இல்லாததே. வண்டியின் அடிச்சட்டத்திலும் குறுக்குச் சட்டத்திலும் பூட்டினால்தான் வண்டியின் உடல் அடியைத் தாங்கும். எஞ்சின் ரப்பரின்மேல் அசைவது. ஆதலின் தொட்டிக்கும் தகட்டிற்கும் இடையே இரு விரற்கடையேனும் வெளி விடுதல் வேண்டும். முன்விளிம்பு மேல்நோக்கி வளைந்திராவிடின் தகடு கலப்பைக் கொழுவைப்போல மேட்டைக் குத்தி நிற்கும். திருகுகளின் தலை வெளியே நீளாது தகட்டினுள் பதிந்திருக்க வேண்டும்; இல்லையேல் இரண்டு மூன்று உராய்வில் தேய்ந்து, பின்பு கழற்றவே இயலாது. எண்ணெய் வடிக்கும் துளையும் காற்றுச் செல்லும் வழியும் வேண்டும். பழைய எஞ்சின் சிறிது ஒழுகுவது இயல்பு. அவ்வொழுக்கு தகட்டின்மேல் தேங்கி உடையவர் கண்ணுக்கு மறையும். சருகும் அதிற் சேர்ந்தால், அருகில் புகைக்குழாய் சுடுவதால், தீக்கும் இடமுண்டு. எண்ணெய் மாற்றுந்தோறும் தகட்டைக் கழற்றித் துடைக்க விரும்பாதவர் அதனைப் பூட்டாதிருத்தலே நலம்.

சட்டமும் ஒன்று கூறுகின்றது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்பது 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 இல் இதனை வலியுறுத்தியது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே வண்டியிற் கைவைக்க. சுருள்வில்லை அறுத்துத் தாழ்த்தலை எவ்வாற்றானும் ஒப்பேன். அறுத்த வில் பள்ளத்தில் விழும்போது தன் இருப்பிடத்தினின்று கழலக்கூடும்.

தகட்டை வெறுப்பார் கூறும் தடை ஒன்றில் மட்டும் உண்மை உண்டு: தகடும் இடைவெளியும் சேர்ந்து தரையினின்றுள்ள உயரத்தில் மூன்று சென்டிமீட்டர் அளவு உண்டுவிடும். ஆம், உண்டுவிடும். ஆகவே ஐந்து சென்டிமீட்டர் தாழ்த்த எண்ணியவர் இரண்டோடு நிற்க. மற்றை மூன்றும் தகட்டிற்கு உரியவை.