அறுந்த இழையும் பிணையும்!

நெய்யும்போது பாவில் ஓர் இழை அறுந்தால் ஆரணி நெசவாளி என்ன செய்கிறார்? தறியை மூடிவிடுகிறாரா? இல்லை. இழையைப் பிணைக்கிறார். மெல்ல மிதித்து, மறுபடி நெய்கிறார்.

இதயத்துக்கும் அப்படித்தான்!

மாரடைப்பு என்றால் கொழுப்பு அடைப்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். இன்னொரு வகையும் உண்டு. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவர் திடீரென்று கிழிகிறது. இரத்தம் சுவருக்குள் புகுந்து வீங்குகிறது. பாதை அடைபடுகிறது. இது பெரும்பாலும் பெண்களுக்கே வருகிறது. பிரசவத்துக்குப் பின்னும் வருவதுண்டு. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு இல்லாதவர்களையும் இது விடுவதில்லை.

நல்ல சேதியும் உண்டு. பெரும்பாலோருக்குக் கிழிசல் சில மாதங்களில் தானாகவே ஆறிவிடுகிறது.

ஆனால் பயம் ஆறுவதில்லை! வீடு திரும்பிய தாயை, "அசையாதே" என்று கட்டிலோடு முடக்கிவிடுகிறார்கள். அன்பினால் செய்யும் தவறு இது. உடம்பு தளர்கிறது, மனமும் தளர்கிறது.

மாத்திரையைப் போல நடையும் மருந்துதான். டாக்டர் சோதித்து அளவு சொல்வார். முதலில் சில நிமிஷம்; பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். நடக்கும்போது பேச முடியவேண்டும். அதுதான் கணக்கு. பாரம் தூக்கக்கூடாது, மூச்சை அடக்கி முக்கக்கூடாது. தறிக்கு எப்போது திரும்பலாம் என்பதை டாக்டரே சொல்லவேண்டும். நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே 108-ஐ அழைக்கவேண்டும்.

இந்தியாவில் 24 ஆஸ்பத்திரிகளில், மாரடைப்பு கண்ட 3,959 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. முடிவு 2020-ல் வெளியாயிற்று. மாரடைப்பு மறுபடி வராது என்று அது உறுதி சொல்லவில்லை. ஆனால், யோகப் பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பழைய வேலைகளுக்குத் திரும்பினார்கள்! கிழிசல் கண்டவர்கள் எந்த ஆசனம் ஆகும் என்று டாக்டரைக் கேட்டே செய்யவேண்டும்.

ஆரணியிலிருந்து வேலூர் சுமார் 40 கிலோமீட்டர். பயிற்சிக்காக அடிக்கடி போய்வந்தால் நெசவுக் குடும்பத்தின் கூலி என்னாவது? 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இதயப் பயிற்சியும் அதே வழியில் வரட்டும். பெரிய கட்டடம் வேண்டாம். பயிற்சி பெற்ற ஒருவர், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஓர் அறை போதும்.

அதுவரை வீட்டார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டாக்டர் அனுமதித்ததும், கணவரோ மகனோ அவரோடு தெருமுனை வரை நடக்கட்டும். தனியாக நடக்க அஞ்சுகிறவர், துணையோடு நடப்பார்!