எழுந்து நிற்காத ஆசிரியரும் வெட்டப்பட்ட சம்பளமும்

பாட்டுக்கு எழுந்து நிற்கவில்லை என்பதற்காகச் சம்பளம் வெட்டப்பட்ட ஆசிரியர்களைப் பற்றி இம்முறை எழுதுகிறோம். இது நடந்தது ஜப்பானின் தலைநகர் டோக்கியோவில்.

1999இல் ஜப்பான் பாராளுமன்றம் 'ஹினோமாரு'வைத் தேசியக் கொடியாகவும் 'கிமிகயோ'வைத் தேசிய கீதமாகவும் சட்டமாக்கியது. இதனால் மக்கள் மீது எந்தக் கடமையும் சுமத்தப்படாது என்று அன்றைய பிரதமர் ஒபுச்சி சபையில் சொன்னார். அந்தச் சொல் நான்கு வருடமே நின்றது. 2003 ஒக்டோபர் 23ஆம் திகதி டோக்கியோ கல்விச் சபை சுற்றுநிருபம் அனுப்பியது. பாடசாலை விழாக்களில் ஆசிரியர்கள் கொடியைப் பார்த்து எழுந்து நின்று கீதம் பாட வேண்டும். மறுத்தால் ஒழுக்காற்று நடவடிக்கை.

மறுத்தவர்கள் நாட்டை வெறுத்தவர்கள் அல்லர். அந்தக் கொடியையும் கீதத்தையும் முன்வைத்துத்தான் ஒரு காலத்தில் மாணவர்கள் யுத்தத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மாணவரை மீண்டும் போர்க்களத்துக்கு அனுப்பமாட்டோம் என்பது 1951 முதல் ஜப்பான் ஆசிரியர் சங்கத்தின் முழக்கம்.

முதல் முறை உட்கார்ந்தவருக்கு எச்சரிக்கை. மறுமுறை சம்பள வெட்டு. பிறகு வேலை இடைநிறுத்தம். 400க்கும் அதிகமானோர் தண்டிக்கப்பட்டனர். 2011இல் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லும் என்றது. ஆனால் 2012இல், எச்சரிக்கையைத் தாண்டிய தண்டனைகளை நிதானத்தோடுதான் விதிக்க வேண்டும் என்று கூறிச் சிலவற்றை ரத்துச் செய்தது.

அரசாங்கச் சம்பளம் வாங்குபவர் அரசாங்கம் சொல்வதைச் செய்யத்தானே வேண்டும் என்று சிலர் கேட்கலாம். சம்பளம் வேலைக்கு. ஆசிரியரின் வேலை படிப்பிப்பது. அதில் குறை இருந்தால் கேட்கட்டும். துரை நம் கொழுந்தை நிறுக்கலாம், மனச்சாட்சியை நிறுக்க முடியாது. அரைப்பேர் போட்டு மரியாதையை வாங்கவும் முடியாது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவராக்கியது. உரிமையோடு வாழவிட்டால் நாட்டுப்பற்று தானாக வரும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் நாம்.

சங்கங்களுக்கும் இதில் பாடம் உண்டு. நாட்டின் பெரிய ஆசிரியர் சங்கம் 1995இலேயே கொடி, கீத எதிர்ப்பைக் கைவிட்டிருந்தது. சுற்றுநிருபம் வந்தபோது மறுத்தவர்களில் பலர் வழக்கறிஞர்களையும் சிறிய சங்கங்களையும் நம்பியே நின்றார்கள். அப்படியொரு சிறிய சங்கம்தான் முறைப்பாட்டைச் சர்வதேச தொழில் தாபனம் வரை கொண்டுபோனது. தாபனமும் யுனெஸ்கோவும் சேர்ந்து அமைத்த குழுவின் பரிந்துரை 2019இல் வெளிவந்தது. பங்குபற்ற விரும்பாத ஆசிரியருக்கும் இடம் தரும் வழியைச் சங்கங்களோடு பேசிக் காணுங்கள் என்று அது ஜப்பானிடம் சொன்னது.

தோட்டத் தலைவர்களே, உங்கள் டிவிசனிலும் ஒருநாள் ஓர் அங்கத்தவர் தனியாக 'முடியாது' என்பார். அவர் சொல்வது நமக்கு உடன்பாடில்லாமல் இருக்கலாம். ஆனாலும் விசாரணைக்கு அவரைத் தனியாக அனுப்பிவிடாதீர்கள்.