பிள்ளைக்கும் வயலைக் காட்டுங்கள்

காலை எட்டு மணிக்குக் கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை சாலையோரம் எங்காவது நின்று பாருங்கள். மஞ்சள் நிறப் பள்ளி வேன்கள் வரிசையாக ஓடும். உள்ளே இருப்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். சாலையின் இரு பக்கமும் நெல் வயல், தென்னந்தோப்பு, வாழை, திராட்சைப் பந்தல். இவ்வளவையும் கடந்து பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, சுவரில் ஒட்டிய படத்தைக் காட்டி, "இதுதான் நெல்" என்று அதே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதற்கு நாம் கட்டணமும் கட்டுகிறோம்.

பள்ளியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குறை நம்மிடம்தான் இருக்கிறது. வயலை வைத்திருப்பவர்கள் நாம். அதைப் பிள்ளைக்குக் காட்டாதவர்களும் நாமே. மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை வாரத்துக்கு ஒரு முறையாவது வயலுக்குக் கூட்டிப் போக வேண்டும். வேலை வாங்க அல்ல, பார்க்க. இது பிள்ளைக்கு மட்டுமல்ல, வெள்ளாமைக்கும் நல்லது என்பது என் கருத்து.

பேத்தி கண்ட பூச்சி

கம்பத்துக்குப் பக்கத்தில் எனக்கு முக்கால் ஏக்கர் பன்னீர் திராட்சை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அதில் மாவுப்பூச்சி விழுந்தது. மருந்து வாங்கி வைத்து, மறுநாள் அடிக்க ஆளும் சொல்லிவிட்டேன். அன்று பள்ளி விடுமுறை. ஆறு வயதுப் பேத்தி என் கூடவே தோட்டத்துக்கு வந்தாள்.

நான் அண்ணாந்து குலைகளைப் பார்த்தபடி நடந்தேன். அவள் உயரத்துக்குக் கொடியின் அடித்தண்டுதான் கண்ணுக்கு நேராக இருக்கும். "தாத்தா, எறும்பெல்லாம் மேலே போகுது. இந்த வெள்ளைப் பூச்சி மட்டும் வேகமா நடக்குது, மத்ததெல்லாம் சும்மா இருக்குது" என்றாள்.

குனிந்து பார்த்தேன். உரிந்த பட்டைக்குள் மாவுப்பூச்சிகள் அடை அடையாக இருந்தன. அவற்றைப் போலவே வெள்ளை மெழுகு இழைகளைப் போர்த்திய, சற்றுப் பெரிய புழு ஒன்று நடந்து நடந்து அவற்றைத் தின்றுகொண்டிருந்தது. அது கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டு 1898-லேயே நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. மாவுப்பூச்சிக்கு ஒரு கொடிக்கு 10 வண்டு வீதம் விடச் சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்கி விட வேண்டிய வண்டு என் தோட்டத்துக்குத் தானாகவே வந்திருந்தது. அதையும் சேர்த்துக் கொல்லத்தான் நான் மருந்து வாங்கி வைத்திருந்தேன்!

மருந்தை நிறுத்தினேன். புழு இல்லாத கொடிகளில் உரிந்த பட்டைகளை எடுத்து எரித்தோம். தண்டில் எறும்பு ஏறாமல் பார்த்துக்கொண்டோம். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும்; தின்ன வரும் வண்டை விரட்டும். எறும்பைத் தடுத்துவிட்டால் வண்டு தன் வேலையைத் தடையில்லாமல் செய்யும். மாவுப்பூச்சி அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் அந்த முறை மருந்துச் செலவு மிச்சமாயிற்று. நாற்பது ஆண்டுகளாகத் திராட்சை பார்க்கிறவன் காணாததை ஆறு வயதுப் பிள்ளை கண்டுவிட்டது.

பார்ப்பதும் ஒரு படிப்பு

இந்தோனேசியா நாட்டில் நெல்லைப் புகையான் பெருமளவில் அழித்தது. மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி பெருகியதே தவிரக் குறையவில்லை. அதைத் தின்னும் சிலந்தி முதலியவை மருந்தில் செத்துப் போனதே காரணம். 1986-ல் அந்நாட்டு அரசு 57 வகை மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடுத்தது. 1989-ல் உழவர்களுக்கு வயல்வெளிப் பள்ளி தொடங்கினார்கள். வாரம் ஒரு முறை வயலில் இறங்கிப் பயிரையும் பூச்சியையும் பார்ப்பது, கண்டதைத் தாளில் வரைவது, கூடிப் பேசுவது, அதன் பிறகே மருந்து வேண்டுமா என்று முடிவு செய்வது — இதுதான் அங்கே பாடம். நம் நாட்டிலும் பின்னர் இந்த முறை வந்தது.

பெரியவர்களுக்கே பள்ளி வைத்துப் பார்க்கக் கற்றுத் தர வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் குணம் பிறவியிலேயே இருக்கிறது. நாம் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

குலத்தொழில் பேச்சு அல்ல

"நாங்கள் பட்ட பாடு போதும். எங்கள் பிள்ளையாவது சேற்றில் கால் வைக்காமல் இருக்கட்டும்" என்று தாய்மார்கள் சொல்வார்கள். இதைத் தள்ளிவிட முடியாது. 1953-ல் ராஜாஜி அரசு, பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கைவிட்டதே சரி. உழவன் மகன் உழவனாகத்தான் வேண்டும் என்று விதிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

நான் கேட்பது அதுவல்ல. பள்ளி நேரத்தில் ஒரு நிமிடமும் குறைய வேண்டாம். மண்வெட்டியும் கொடுக்க வேண்டாம். 2016-ல் திருத்திய சட்டமும், பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளை பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் மட்டுமே குடும்பத் தொழிலில் உதவலாம், ஆபத்தான வேலை கூடாது என்கிறது. சின்னப் பிள்ளைக்கு அந்த உதவியும் தேவையில்லை. நாளைக்கு அவன் டாக்டராகட்டும், இன்ஜினீயராகட்டும். தான் உண்ணும் சோறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த டாக்டராக இருக்கட்டுமே!

எதைக் காட்டலாம்?

முதலில் தண்ணீரைக் காட்டுங்கள். முதல் போகத்துக்கு ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாயும் தண்ணீர் அது. மடை திறந்ததும் வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக ஓடிவருவதைப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து பாருங்கள். மேற்கே ஓடிய ஆற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, 1895-ல் நம் பக்கம் திருப்பிய பென்னிகுவிக் கதையை அங்கே சொன்னால் ஆயுளுக்கும் மறக்காது.

நட்ட வயலில் ஒரு குத்துப் பயிரின் அருகே உட்கார வையுங்கள். எத்தனை பூச்சி, எத்தனை சிலந்தி என்று எண்ணட்டும். முதுகில் குஞ்சுகளைச் சுமந்து ஓடும் ஓநாய்ச் சிலந்தியைக் கண்டால் இடத்தை விட்டு எழுந்திருக்காது. வயலில் பறவைகள் உட்கார ஒரு குச்சி நட்டு வையுங்கள். பகலில் கரிச்சான் வந்து பூச்சி பிடிப்பதைப் பிள்ளை பார்க்கும். உங்களுக்கும் பூச்சி குறையும்.

அரை சென்ட் இடத்தைப் பிள்ளைக்கென்று ஒதுக்குங்கள். கீரையும் தட்டைப்பயறும் விதைக்கட்டும். சில நாளில் முளைக்கும். ஒரு மாதத்தில் கீரை சட்டிக்கு வரும். பொறுமை சின்னதாக இருக்கும் வயதில் பயிரும் சீக்கிரம் வருவதாக இருக்க வேண்டும்.

கேட்கும் கேள்விக்கெல்லாம் உடனே விடை சொல்லாதீர்கள். "நீயே பார்த்துச் சொல்லு" என்று விடுங்கள். பழைய நோட்டு ஒன்று கொடுத்துக் கண்டதை வரையச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம், இருவருமாகத் தெரிந்துகொள்ளலாம்.

எச்சரிக்கை வேண்டும்

சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றின் பக்கமும், தண்ணீர் நிரம்பி ஓடும் ஆற்றுப் பக்கமும் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. புல் மண்டிய வரப்பில் பெரியவர் முன்னே தட்டிக்கொண்டு நடக்க வேண்டும். மலையடிவாரத் தோட்டங்களுக்கு விடிந்து வெயில் வந்த பிறகே கூட்டிப் போங்கள். 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள்ளேயே வந்ததை மறக்க முடியுமா?

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து மருந்துதான். மருந்து அடித்த தோட்டத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். டப்பாக்களைப் பூட்டி வையுங்கள். காலி டப்பாவை உடைத்து, வேறு எதற்கும் பயன்படாதபடி செய்துவிடுங்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. "எங்கள் தோட்டத்தில் அடிக்கடி மருந்து அடிக்கிறோம், பிள்ளை வந்தால் ஆகாது" என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். பிள்ளை கால் வைக்க ஆகாத தோட்டத்தில் நாம் தினமும் நிற்கிறோம். நம் வீட்டுப் பெண்கள் களை எடுக்கிறார்கள். கூலிக்கு வருகிறவர் வெறுங்காலோடு நடக்கிறார். அந்தக் குலையைத்தான் ஊரார் பிள்ளைகளுக்கு விற்கிறோம். பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட்டால் இந்தச் சங்கதி தீர்ந்துவிடுமா?

வாரம் ஒரு நாள் பிள்ளை வரப்போகிறது என்றால், அந்த ஒரு நாளுக்காகவாவது மருந்தை யோசித்து அடிப்போம். இந்த அடிப்பு உண்மையில் தேவைதானா என்று குனிந்து பார்ப்போம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளையை முன்னே நடக்க விட்டு, நீங்கள் பின்னே போங்கள்.