டைட்டில் பாருக்கு கலர் மாற்றுவது வெட்டி வேலையா? விண்டோஸ் பறித்துக்கொண்ட ஒரு வசதி

ஆபீஸ் கம்ப்யூட்டரில் எக்செல், மெயில், சாட், பிரவுசரில் நாலு விண்டோ என எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து கிடப்பது இன்று சாதாரணம். இப்போது கீபோர்டில் கை வைத்தால் எழுத்து எந்த விண்டோவில் போய் விழும்? விண்டோஸ் 11-ஐ வாங்கியபடியே வைத்திருப்பவருக்கு இதற்குச் சட்டென்று பதில் கிடைக்காது. டைட்டில் பார்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வெளிர் நிறம். நண்பருக்கு அடித்த கிண்டல் டீம் சாட்டில் விழுவதும், பாஸ்வேர்டு வேறொரு பெட்டியில் போய் உட்காருவதும் வெறும் கவனக்குறைவு மட்டுமல்ல. திரை ஒழுங்காக அடையாளம் காட்டாததும் ஒரு காரணம்.

முன்பு எப்படி இருந்தது?

1992-ல் வந்த விண்டோஸ் 3.1-லேயே நிறங்களுக்கென்று கன்ட்ரோல் பேனலில் தனி இடம் இருந்தது. சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணைக் கூசவைக்கும் 'ஹாட் டாக் ஸ்டாண்ட்' தீம் அதில்தான் வந்தது. விண்டோஸ் 95, 98-ல் 'அப்பியரன்ஸ்' டேப்பைத் திறந்தால் போதும். வேலை நடக்கும் விண்டோவின் டைட்டில் பாருக்கு ஒரு நிறம், மற்றவற்றுக்கு வேறு நிறம், மெனு, பின்னணி, எழுத்து என ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றலாம். எதையும் மாற்றாவிட்டாலும் வேலை நடக்கும் விண்டோ கருநீலம், மற்றவை சாம்பல். குழப்பமே கிடையாது.

2012-ல் வந்த விண்டோஸ் 8, கிளாசிக் தீமையும் இந்தத் தனித்தனி நிறப் பட்டியலையும் தூக்கிவிட்டது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது டைட்டில் பார்கள் வெள்ளையாகிவிட்டன. அதே ஆண்டு நவம்பர் அப்டேட்டில்தான் நிறம் போடும் வசதி திரும்பியது. அதுவும் ஒரே ஒரு 'ஆக்சென்ட் கலர்'. அவ்வளவுதான்.

மைக்ரோசாஃப்ட் பக்கம் நியாயம் இல்லையா?

இருக்கிறது. பயனர் பின்னணியைக் கறுப்பாக்கினால், எழுத்தைக் கறுப்பு என்றே நிரந்தரமாக எழுதிவைத்த செயலிகளில் ஒன்றுமே தெரியாமல் போகும். எல்லா செயலியும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்ற டிசைனர்களின் விருப்பமும் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக விண்டோஸ் 11-ல் 'கான்ட்ராஸ்ட் தீம்ஸ்' இருக்கிறது. அதில் 'எடிட்' கொடுத்தால் பின்னணி, எழுத்து, லிங்க், பட்டன் என்று நிறங்களைத் தனித்தனியாக மாற்றலாம். ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை. எல்லோருக்கும் தரவில்லை, அவ்வளவே. லினக்ஸில் கேடிஈ பிளாஸ்மா இந்த நிறங்களை மாற்றும் உரிமையைச் சாதாரண செட்டிங்ஸிலேயே இன்றும் தருகிறது.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

• செட்டிங்ஸில் 'பெர்சனலைசேஷன்', அதற்குள் 'கலர்ஸ்' போக வேண்டும். கடைசியில் இருக்கும் 'ஷோ ஆக்சென்ட் கலர் ஆன் டைட்டில் பார்ஸ் அண்ட் விண்டோஸ் பார்டர்ஸ்' என்பதை ஆன் செய்தால், வேலை நடக்கும் விண்டோவுக்கு மட்டும் நிறம் வரும்.

• ஆக்சென்ட் கலரை 'மேனுவல்' என்று வைத்து அடர்த்தியான நிறமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. வெளிர் நிறம் வைத்தால் வித்தியாசம் தெரியாது.

• எழுத்தே சரியாகத் தெரியவில்லை என்றால் 'ஆக்சசிபிலிட்டி' பகுதியில் 'கான்ட்ராஸ்ட் தீம்ஸ்' பார்க்கலாம். இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், பிரிண்ட் ஸ்கிரீன் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அது வரும். மறுபடி அழுத்தினால் போய்விடும்.

சொந்தமாக டைட்டில் பார் வரைந்துகொள்ளும் சில செயலிகள் இந்த நிறத்தைக் கண்டுகொள்ளாது. விண்டோஸ் ஆக்டிவேட் ஆகாத கம்ப்யூட்டரில் இந்தப் பகுதியே பூட்டிக் கிடக்கும். சில அலுவலகங்களில் ஐடி பிரிவே பூட்டி வைத்திருக்கும். அங்கே கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

ஒரு நாளில் எட்டு, ஒன்பது மணி நேரம் திரையைப் பார்ப்பவருக்கு, எந்த விண்டோவில் இருக்கிறோம் என்று தெரிவது அலங்காரம் இல்லை; வேலைக்கான அடிப்படை. நாற்காலியின் உயரத்தை அவரவர் முதுகுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள விடுகிறோம். திரையின் நிறத்தை அவரவர் கண்ணுக்கு ஏற்ப மாற்ற விடுவதில் என்ன கஷ்டம்? 1992-ல் கொடுக்க முடிந்ததை இன்றும் கொடுக்கலாம். குறைந்தபட்சம், அந்த ஒரு ஸ்விட்சை ஆன் செய்தே கம்ப்யூட்டரை விற்கலாம்.