தேவைப்படும் நாளில் செல்லாத பவர்

வயதான தகப்பனார் பிள்ளையின் தோளைப் பிடித்தபடி வந்து, கேமரா முன் உட்கார்ந்து, பெருவிரல் ரேகை வைத்து 'பவர்' எழுதிக் கொடுப்பது கோவை வட்டாரப் பத்திர ஆபீஸ்களில் அன்றாடக் காட்சி. பொள்ளாச்சித் தோப்போ வடவள்ளி வீட்டுமனையோ அவர் பெயரில் இருக்கும். "நாளைக்கு எனக்கு முடியாமப் போனா, பையன் பாத்துக்குவான்" என்ற தைரியத்தில்தான் கையெழுத்து விழுகிறது.

அந்தத் தைரியத்துக்குச் சட்டத்தில் பிடிமானம் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201-இன்படி, எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ பவர் முடிந்துவிடும். நடக்க முடியாதவருக்கு அது உதவும். மறதிநோய் முற்றி மகனையே அடையாளம் தெரியாதவருக்கு உதவாது.

தமிழ்நாட்டில் அசையாச் சொத்துக்கான பவரைப் பதிவு செய்வது 2012 டிசம்பர் முதல் கட்டாயம். பவர் பெற்ற ஏஜென்ட் விற்க வரும்போது, எழுதிக் கொடுத்தவர் உயிரோடிருப்பதற்குச் சான்றும் கேட்கிறார்கள். மோசடியைத் தடுக்க இவை அவசியம்தான். ஆனால் அவருக்கு நினைவு தப்பிவிட்டால் குடும்பம் என்ன செய்யும்?

நீதிமன்றப் படியேற வேண்டியதுதான். கோமாவில் கிடந்த கணவரின் சிகிச்சைச் செலவுக்காக அவர் சொத்தை விற்க, சென்னைப் பெண் ஒருவர் உயர் நீதிமன்றம் வரை போனார். முதலில் விசாரித்த தனி நீதிபதி, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். மேல்முறையீட்டில், 2024 மே மாதம், இரு நீதிபதிகள் அமர்வு மனைவியையே காப்பாளராக நியமித்தது. மனநலம் குன்றியவர்களின் சொத்து நிர்வாகத்துக்கு 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் இருந்த அத்தியாயமும், அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை.

இங்கிலாந்து 1986-இலும் சிங்கப்பூர் 2010-இலும், நினைவு தப்பிய பிறகும் செல்லுபடியாகும் பவரை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இப்போது அங்கே, எழுதிக் கொடுப்பவர் விவரம் புரிந்துதான் கொடுக்கிறார் என்று மூன்றாம் நபர் ஒருவர் சான்றளிக்க வேண்டும். பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும்.

பிள்ளைகளே ஏமாற்றிவிட்டால்? பங்காளித் தகராறுகளைப் பார்த்துப் பழகிய கொங்கு நாட்டில் இந்தப் பயம் நியாயமானதே. இருவரைச் சேர்த்து நியமிப்பது, மருத்துவர் சான்று, ஆண்டுதோறும் கணக்கு ஒப்படைப்பது என்று கடிவாளம் போடலாம்.

பவர் என்பது முகவர் ஒப்பந்தம்; அது பொதுப்பட்டியலில் வருகிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு சட்டப்பேரவையே பிரிவு 201-ஐத் திருத்த முடியும். பவர் பதிவைக் கட்டாயமாக்க அன்று மத்தியச் சட்டத்தைத் திருத்திய தமிழ்நாடு, இந்தத் திருத்தத்தையும் முன்னெடுக்க வேண்டும்.