பனிமலை பூட்ஸும் பர்கூர் பெண்களும்

ஓசூர்க்காரர்களுக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மார்கழி மாதம் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் விடியற்காலையில் இறங்குகிற பனியைத் தவிர நமக்கு வேறு பனி தெரியாது. ஆனாலும் இன்று பனிமலைக்கு பூட்ஸ் செய்யும் ஒரு இத்தாலியக் குடும்பத்தைப் பற்றி எழுதப் போகிறேன். நம் மாவட்டத்தில் ஷூ தைத்துப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அந்தக் கதையில் ஒரு பாடம் இருப்பதாக நினைக்கிறேன்.

இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் மான்டெபெல்லூனா என்று ஒரு சிற்றூர். தோல் பொருளுக்கு நம் ஆம்பூர் எப்படியோ, பூட்ஸுக்கு அந்த ஊர் அப்படி. அதன் அருகே பெதெரோப்பா என்ற ஊரில் இருக்கிறது நார்த்வேவ் கம்பெனி. ஷூ தொழிலில் ஊறிய ஜானி பீவா என்பவர் 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. ஸ்னோபோர்டு என்று ஒரு விளையாட்டு. இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு பனிச்சரிவில் சறுக்கி இறங்குவார்கள். அப்போது அது இளவட்டங்களின் புதுப் பைத்தியம். ஒலிம்பிக்ஸில் அதற்கு இடம் கிடைத்ததே 1998-ல், ஜப்பானின் நகானோவில்தான். அதற்கு முன்பே அந்த விளையாட்டுக்கான பூட்ஸில் இறங்கினார் பீவா. கூடவே சைக்கிள் பந்தய வீரர்களுக்கான ஷூவையும் கையில் எடுத்தார்.

இதில் என்ன சூட்சுமம் என்று யோசித்துப் பாருங்கள். பனி பூட்ஸ் குளிர்காலச் சரக்கு. சைக்கிள் ஷூ கோடைச் சரக்கு. ஒன்று ஓயும்போது இன்னொன்று தொடங்கும். நம் மானாவாரி விவசாயி கேழ்வரகுக்கு நடுவே மொச்சை விதைப்பது எதற்காக? ஒன்று கைவிட்டாலும் மற்றது காப்பாற்றும் என்றுதானே. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். சீசனில் இரவு பகலாக வேலை, சீசன் முடிந்தால் ஆலை வாசலில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

இந்தப் புத்தி பீவாவுக்கு மட்டும் வந்ததல்ல. அந்த ஊர் முழுக்கவே அப்படித்தான் பிழைத்திருக்கிறது. முதலில் உழவர்களுக்கும் மலையேறுபவர்களுக்கும் தோல் பூட்ஸ் தைத்தார்கள். பிறகு பனிச்சறுக்கு பிரபலமானது, அதற்குத் தைத்தார்கள். 1960களின் கடைசியில் தோலைத் தள்ளிவிட்டு பிளாஸ்டிக் பூட்ஸ் வந்தது. தையல்காரர்கள் ஒழிந்தார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர்களோ பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு வேலையைக் கற்றுக்கொண்டார்கள். டெக்னிகா கம்பெனியின் ஸனாட்டா குடும்பம், 1969-ல் சந்திரனில் மனிதன் இறங்கியதும், விண்வெளி வீரரின் காலணி மாதிரியே பொத பொதவென்று ஒரு 'மூன் பூட்' செய்து உலகமெல்லாம் விற்றது. டினோ சிக்னோரி என்ற மனிதர் 1960-ல் மலையேறும் பூட்ஸ் செய்யத் தொடங்கி, பின்னால் சைக்கிள், மோட்டார் சைக்கிள் பந்தய ஷூவில் பெயர் வாங்கினார். தன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தே 'சிடி' என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார். பூட்ஸுக்கென்றே ஒரு மியூசியம் கூட அந்த ஊரில் வைத்தார்கள்.

குடும்பக் கம்பெனி என்றால் எல்லாம் தர்மம் என்று நான் சொல்ல வரவில்லை. 1990களில் மான்டெபெல்லூனாக்காரர்களில் பலர் தையல் வேலையை ருமேனியா நாட்டுக்கு, திமிஷோவாரா நகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கூலி குறைவு. உள்ளூர் தையல்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார்கள். சிடி கம்பெனியும் 2022-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறிவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தையல் போனாலும் வடிவமைப்பும், அச்சும், பெயரும் பெரும்பாலும் அந்த ஊரிலேயே தங்கின. வெளியே போனது கூலி வேலை.

அந்தக் கூலி வேலை உலகத்தைச் சுற்றிச் சுற்றி இப்போது நம் வாசலுக்கு வந்திருக்கிறது. தைவானில் 1971-ல் தொடங்கிய ஃபெங் டே குழுமம், நைக்கி கம்பெனிக்கு ஷூ செய்து கொடுப்பது. செய்யாறில் ஆலை போட்டார்கள், நம் பர்கூர் சிப்காட்டிலும் போட்டார்கள். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஊத்தங்கரை, போச்சம்பள்ளி பக்கத்துக் கிராமத்துப் பெண்களுக்கு மாதாமாதம் சம்பளம், பி.எஃப். என்று கிடைப்பது சாதாரண விஷயமல்ல. பெண் சிசுக்கொலைக்குப் பெயர்போன தர்மபுரி மாவட்டத்தில் அன்று சேர்ந்திருந்த பூமி இது. கையில் காசு உள்ள பெண்ணை வீட்டில் பேசும் விதமே மாறுகிறது. அதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

ஆனாலும் ஒரு உறுத்தல். ஒரு ஷூ ஆலையில் வேலை செய்யும் பெண் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா, ஒரு நாளைக்கு எத்தனை ஷூ செய்வே?" என்று கேட்டேன். சிரித்தாள். "நான் எங்க தாத்தா ஷூ செய்யறேன்? நாக்கு மட்டும் தைக்கிறேன். ஆறு வருசமா நாக்குதான்" என்றாள். லேஸுக்கு அடியில் இருக்குமே, அந்த நாக்கு. ஆறு வருடம் கழித்தும் அவளுக்கு லாஸ்ட் என்கிற கால்கட்டை எப்படிச் செய்வது, சோல் எப்படி வார்ப்பது, ஒரு ஜோடியின் அடக்க விலை என்ன என்று தெரியாது. நாளைக்கு இதைவிடக் கூலி குறைந்த ஊர் ஒன்று கிடைத்தால் ஆர்டர் அங்கே போகும். அவள் கையில் மிஞ்சுவது நாக்கு தைக்கிற பழக்கம் மட்டும்தான்.

நமக்கு நன்றாகத் தெரிந்த பாட்டா கதையையும் இங்கே சொல்ல வேண்டும். நம்மில் பலர் பாட்டாவை இந்தியக் கம்பெனி என்றே நினைத்து வளர்ந்தோம். ஓசூரிலேயே அவர்கள் ஆலை போட்டார்கள். மூலம் என்னவோ இன்றைய செக் நாட்டின் ஸ்லின் நகரம். தலைமுறை தலைமுறையாகச் செருப்புத் தைத்த குடும்பம். தொமாஷ் பாட்டா தன் அண்ணன், அக்காவோடு 1894-ல் தொடங்கினார். 1922-ல் நாட்டில் பணமுடை வந்தபோது ஷூ விலையைப் பாதியாகக் குறைத்தார். 1925-ல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். பிள்ளைகள் பகலில் ஆலையில் வேலை செய்வார்கள், மாலையில் படிப்பார்கள். 1932-ல் அவர் விமான விபத்தில் இறந்தார். 1945-ல் அரசாங்கம் ஆலையை எடுத்துக்கொண்டது. குடும்பம் கனடாவிலிருந்து தொழிலை நடத்தியது. சொந்த ஊரையே இழந்த பிறகும் அவர்களிடம் பெயர் இருந்தது, தொழில் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

நம்மிடம் என்ன இல்லை? அச்சும் டையும் செய்வதில் ஓசூர் சிறுதொழில் பட்டறைகளை மிஞ்ச ஆள் கிடையாது. லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் நாற்பது வருடமாகப் பழக்கிய கைகள் அவை. கடிகாரத்துக்கு அச்சு செய்பவனுக்கு ஷூ சோலுக்குச் செய்ய வராதா? தோல் வேண்டுமென்றால் ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அவர்கள் நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் கால் அளவு எடுத்தார்கள். நம் கால்கள் முன்பக்கம் அகலம், வெள்ளைக்காரன் அளவு ஷூ நமக்குப் பொருந்தாது என்று கண்டு, 'பா' என்று இந்திய அளவுமுறை ஒன்றையே முன்வைத்தார்கள். சுண்டுவிரல் தேய்ந்து காய்ப்புக் காய்ச்சிய நம் வயதுக்காரர்களுக்கு இது ஆய்வு செய்யாமலே தெரியும்.

நமக்கு பனி பூட்ஸ் வேண்டாம். ஆனால் வெயிலில் பத்து மணி நேரம் நிற்கும் வாட்ச்மேனுக்கு, ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டு தரும் பையனுக்கு, ரோஜாத் தோட்டத்தில் ஈரத்தில் நிற்கும் பெண்ணுக்கு, சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப்போன நமக்கு என்று யார் ஷூ செய்கிறார்கள்? மான்டெபெல்லூனாக்காரன் தன் மலையையும் தன் பனியையும் பார்த்துத்தான் பூட்ஸ் செய்தான்.

2022-ல் தமிழ்நாடு அரசு காலணிக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. ஆலைகள் வரட்டும், வரவேற்போம். கூடவே என் விண்ணப்பம் இரண்டு. இருங்காட்டுக்கோட்டையில் இருப்பது போல ஒரு காலணி வடிவமைப்புப் பயிற்சி நிலையம், கிளையாகவாவது, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வர வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிக்க அதில் வசதி வேண்டும். அடுத்து, சலுகை விலையில் நிலம் வாங்கும் ஆலை, ஐந்து வருடம் தைத்த பெண்ணுக்கு லாஸ்டிலிருந்து பேக்கிங் வரை முழு ஷூவும் கற்றுத்தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பணம் பெரிதாகச் செலவாகும் காரியமல்ல இது.

இப்படிப் பழகிய பத்துப் பெண்கள் சேர்ந்து பர்கூரிலோ காவேரிப்பட்டினத்திலோ ஒரு சின்னப் பட்டறை போட்டால், அது இன்னொரு நார்த்வேவ் ஆகுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஷூவை முதலில் வாங்குகிற ஆள் நானாக இருப்பேன். அகலக் காலுக்கு ஏற்ற மாதிரி, ஒன்பதாம் நம்பர்.